வேலூர் ரோட்டுக்கு சைக்ளோகிராஸ் பட்டன் டயர்: ஆபீசுக்கும் ஏரிக்கரைக்கும் ஒரே ஜோடி ஓடுமா?

ஊசூர்_பெடல் | வெள்ளி, இரவு 9:10

எல்லாருக்கும் வணக்கம். ஊசூர்ல வீடு, வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு கிட்ட ஆபீஸ். அரியூர், தொரப்பாடி வழியா தினமும் சைக்கிள்லதான் போறேன். பாதி நல்ல தார், மீதி தோண்டி மூடின தார். குழாய் போட்ட பள்ளத்து மேல ஜல்லியைக் கொட்டிட்டுப் போனா போனதுதான். மழை பெஞ்சா எது பள்ளம், எது ரோடுன்னு தெரியாது. ஞாயித்துக்கிழமை ஏரிக்கரை, பாலமதி அடிவாரத்து மண் ரோடு, அப்பப்ப அமிர்தி வரைக்கும்.

வண்டி ஹைபிரிட். 700சி ரிம், வி-பிரேக் (ரிம்மைப் பிடிக்கற பிரேக்), முன்னும் பின்னும் மட்கார்டு, கேரியர்ல ஒரு பை. இப்ப இருக்கறது 35 மி.மீ. சாதா டயர், பின்னாடி உள்ளது மொட்டையாயிடுச்சு. சென்னையில ஒருத்தர் 700x33 சைக்ளோகிராஸ் (வயல், சேறுன்னு ஓட்டற சைக்கிள் போட்டி) டயர் ஒரு ஜோடி விக்கறார், கொஞ்சம்தான் ஓடியிருக்கு. மேல துருத்திக்கிட்டு நிக்கற ரப்பர் கட்டை, அதான் பட்டன், நல்ல உயரம், நடுவுல இடைவெளியும் அதிகம். போட்டோவுல பார்த்தாலே ஆசையா இருக்கு. விலை புதுசுல பாதி.

தினமும் தார்ல ஓட்டினா பட்டன் கரைஞ்சிடுமா? வேகம் ரொம்ப அடிபடுமா? மட்கார்டோட உள்ள நுழையுமா? எல்லாத்துக்கும் மேல, நம்ம ஊர் முள்ளு தாங்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாலமதி_ஏறி | வெள்ளி, இரவு 9:32

வேண்டாம். 32 மி.மீ. சிலிக் (பட்டனே இல்லாத வழவழ டயர்) போடுங்க, காத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க, வேலை முடிஞ்சது. ஓட்டேரியில இருந்து பாலமதி முருகன் கோயில் வரைக்கும் நான் அதுலதான் ஏர்றேன், இறங்கறேன். அடிவாரத்து மண் ரோடும் அதே டயர்தான். பட்டன் டயர் எல்லாம் போட்டோவுக்கு. தார்ல ஒவ்வொரு பட்டனும் மடங்கி நிமிரும், அதுக்கு உங்க கால்தான் பலம் குடுக்கணும். ஊசூர்ல இருந்து வேலூர் வர்றதுக்குள்ள "ஙொய்ங்"னு ஒரு சத்தம் வேற. தெரு நாய்ங்களுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்.

கென்ட்_குடியாத்தத்தான் | வெள்ளி, இரவு 11:55

குடியாத்தத்துக்காரன், இப்ப வேலை பெல்ஜியத்துல, கென்ட் நகரத்துல. சைக்ளோகிராஸ் இங்க சோறு மாதிரி. செப்டம்பர்ல ஆரம்பிச்சா பிப்ரவரி வரைக்கும் வாராவாரம் எங்கயாவது ஒரு ஊர் வயல்ல போட்டி நடக்கும். 1950ல பாரிஸ்ல முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்த காலத்துல இருந்தே இது குளிர்கால விளையாட்டு. அதாவது அந்த டயரைச் செஞ்சவன் மனசுல இருந்தது ஈரப் புல்லும் சேறும்தான். அரியூர் தார் ரோடு அவன் கனவுல கூட வந்திருக்காது.

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு. அந்த 33 மி.மீ. அளவு சவாரிக்கு இதுதான் நல்லதுன்னு யாரும் கண்டுபிடிச்ச அளவு இல்லை. சர்வதேச சைக்கிள் சங்கம் போட்ட விதி. பெரிய போட்டிகள்ல 33க்கு மேல அகலம் இருந்தா ஓட விடமாட்டாங்க, அளவுக்கருவி வெச்சு சோதிப்பாங்க. அதனாலதான் போட்டி டயர் எல்லாம் 33ல வந்து நிக்குது. விதி இல்லைன்னா அவங்களே அகலமாப் போட்டிருப்பாங்க. போட்டியில ஓடாத நாம ஏன் அந்த விதிக்குக் கட்டுப்படணும்?

இன்னொண்ணு. மேல்மட்டப் போட்டி ஒரு மணி நேரம்தான். சேறு அப்பிச்சுன்னா நடுவுல இறங்கி வேற வண்டி மாத்திக்கலாம், பழைய வண்டியைத் தண்ணி பீச்சிக் கழுவி அடுத்த சுத்துக்குத் தயாரா வெச்சிருப்பாங்க. டயர் ரப்பர் மெலிசு, இளசு. பஞ்சர் தடுக்கற பட்டை பெரும்பாலும் இருக்காது, எடை கூடும்னு விட்டுடுவாங்க. அந்த மாதிரி டயரை வேலிகாத்தான் (சீமைக் கருவேலம்) காட்டுக்கு நடுவுல ஓட்டறதை யோசிச்சுப் பாருங்க.

ஆனா பாலமதி அண்ணன் சொல்ற மாதிரி ஒரேயடியா ஒதுக்கவும் வேண்டாம். சைக்ளோகிராஸ் டயர்லயே மூணு ஜாதி இருக்கு. சேத்துக்குன்னு வர்றது: பட்டன் உயரமா, தள்ளித் தள்ளி நிக்கும், சேறு தானா உதிரணும்னு. இன்னொண்ணு எல்லாத்துக்கும் பொதுவானது, நடுத்தரம். மூணாவது காஞ்ச தரைக்கு: நடுவுல அரம் போட்ட மாதிரி சின்னச் சின்னப் பொடி, ஓரத்துல மட்டும் பட்டன். நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா சென்னைக்காரர் விக்கறது முதல் ஜாதி. உங்களுக்கு வேண்டியது மூணாவது, இல்லைன்னா நடுவுல பட்டன் நெருக்கமா இருக்கற ரெண்டாவது.

தொரப்பாடி_சைக்கிள்கடை | சனி, காலை 7:20

இன்னாபா, எல்லாரும் பெல்ஜியம் பேசிகினு கீறீங்க. நான் கடையில உக்காந்து பாக்கறதைச் சொல்றேன். பட்டன் டயர் போட்டுகினு வர்ற பசங்களுக்கு பஞ்சர் கம்மியா வருதுன்னு நெனச்சிகினு கீறாங்கோ. பட்டன் கீற எடத்துல ரப்பர் தடி, சரி. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவுல? அங்கதான் மெலிசு. முள்ளு அந்தச் சந்துல பூந்தா நேரா டியூப்தான். பட்டன் தள்ளித் தள்ளி கீற டயர்ல சந்து ஜாஸ்தி, அவ்ளோதான் கணக்கு.

ஊசூர் தம்பி, எது வாங்கினாலும் வாங்கு. வாங்கறதுக்கு முன்ன சந்துல வெரல் வெச்சு அமுக்கிப் பாரு. உள்ள பட்டை கீற டயர் வெரலுக்கு வெறைப்பாத் தெரியும். கொழகொழன்னு கீதுன்னா வெச்சுட்டு வந்துடு.

வளாக_வண்டி | சனி, காலை 8:05

நடுவுல ஒரு கேள்வி. காட்பாடியில படிக்கிறேன். தாத்தாவோட பழைய கறுப்பு வண்டி ஒண்ணு கிடக்கு, டயர்ல 28 x 1½னு போட்டிருக்கு. 700சியும் 28 இஞ்ச்தானே? அதுக்கு இந்தப் பட்டன் டயர் போட முடியுமா?

அணைக்கட்டு_வாத்தியார் | சனி, காலை 9:40

முடியாது தம்பி. இந்த இஞ்ச் கணக்கை நம்பி இறங்காதீர்கள், பலரும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் டயர் விளிம்பு ரிம்மில் உட்காரும் வட்டத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்றால் 622. உங்கள் தாத்தா வண்டி 635. இரண்டையும் 28 இஞ்ச் என்றே விற்பார்கள். 13 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ரிம்மில் ஏற்றும்போது தெரியும். 29 இஞ்ச் மலை வண்டி ரிம்மும் 622தான், பெயரில் மட்டும் வேறு. பழைய 26 இஞ்ச் மலை வண்டி 559. 27.5 என்பது 584.

ஆகவே ஊசூர் தம்பி தேட வேண்டியது "35-622" அல்லது "38-622" என்று அச்சிட்ட டயர். கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

டயர் நுழையுமா என்பதற்கு அளவு எடுங்கள். 6 மி.மீ. ஆலன் சாவி ஒன்று எல்லாரிடமும் இருக்கும். இப்போதுள்ள டயருக்கும் பின்பக்கக் கம்பிகளுக்கும் நடுவே, இரண்டு புறமும், அதை விட்டுப் பாருங்கள். முன்பக்கம், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையின் (ஃபோர்க்) உச்சியிலும் பாருங்கள். தாராளமாக நுழைந்தால் 38 வரை யோசிக்கலாம். உரசிக்கொண்டு நுழைந்தால் 35க்கு மேல் போகாதீர்கள். பட்டன் டயரில் எழுதியிருக்கும் அகலம் வேறு, ஓரப் பட்டனோடு சேர்த்த அகலம் வேறு. உயரத்திலும் அது இரண்டு மூன்று மி.மீ. சாப்பிடும், மட்கார்டு உள்ள வண்டியில் அதுதான் முதலில் இடிக்கும். சக்கரத்தில் கோட்டம் இருந்தால் இந்தக் கணக்கு எல்லாம் போச்சு. முதலில் கோட்டம் எடுத்துவிட்டு அளந்து பாருங்கள்.

ஊசூர்_பெடல் | சனி, காலை 10:15

நன்றி சார். அளந்தேன். பின்னாடி ரெண்டு பக்கமும் சாவி தாராளமா போகுது. முன்னாடி மட்கார்டுக்கு அடியில மட்டும் கொஞ்சம் நெருக்கம்.

காட்பாடி_நைட்டூட்டி | சனி, மதியம் 1:30

நான் ஆஸ்பத்திரி வேலை, காட்பாடியில இருந்து பாலாத்துப் பாலம் தாண்டி தினமும் சைக்கிள். பாதி நாள் ராத்திரி டூட்டி. மழை பத்தி யாரும் பேசலையே, அதான் எழுதறேன்.

மழையில பட்டன் டயர் நல்லா பிடிக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. நனைஞ்ச மண்ணுல சரி. நனைஞ்ச தார்ல அப்படி இல்லை. கார் டயருக்குத் தண்ணி ஒதுங்க வரி வேணும், அது அகலம், வேகமும் அதிகம். சைக்கிள் டயர் தரையைத் தொடற இடமே ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான், காத்தழுத்தமும் அதிகம், தண்ணியை அதுவே பிதுக்கித் தள்ளிடும். தார்ல பிடிப்புங்கறது எவ்வளவு ரப்பர் தரையில படியுதுங்கறதைப் பொறுத்தது. பட்டன் டயர்ல அது குறைச்சல். நேராப் போறப்ப தெரியாது. கிரீன் சர்க்கிள்ல சாய்ச்சுத் திருப்பறப்ப ஓரத்துப் பட்டன் மடங்கி வண்டி ஒரு தடவை நழுவற மாதிரி இருக்கும் பாருங்க, அப்ப தெரியும். ரோட்டுல அடிச்சிருக்கற வெள்ளைக்கோடு, பாலத்து இரும்பு இணைப்பு, சாக்கடை மூடி, இதுங்க மேல எந்த டயரும் வழுக்கும்தான். அங்க பிரேக் பிடிக்காம, திருப்பாம நேரா தாண்டணும்.

நான் இப்ப ஓட்டறது நடுவுல கிட்டத்தட்ட வழவழன்னு, ஓரத்துல மட்டும் பட்டன் வெச்ச 38. பாலத்துக்கு அந்தப் பக்கம் சர்வீஸ் ரோடு மண்ணா இருந்தப்பவும் ஒண்ணும் ஆகலை.

பாலமதி_ஏறி | சனி, மதியம் 2:04

அக்கா சொல்றதுதான் நானும் சொல்றேன். வழவழப்பு!

காட்பாடி_நைட்டூட்டி | சனி, மதியம் 2:20

முழுசா இல்லை தம்பி. பாதி. ஓரத்துப் பட்டன் இல்லாம ஜல்லியில திருப்பிப் பாருங்க, அப்புறம் வந்து சொல்லுங்க. எங்க வார்டுக்கு வராம இருந்தா சரி.

ராணிப்பேட்டை_622 | சனி, மாலை 6:45

ஏரிக்கரை, ஆத்துமணல், களிமண் மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறோம்னு தோணுது. ஒவ்வொண்ணுக்கும் டயர்கிட்ட எதிர்பார்க்கறது வேற. ராணிப்பேட்டை, வாலாஜா, காவேரிப்பாக்கம் ஏரி இந்தப் பக்கமெல்லாம் சுத்தறவன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

செம்மண் ரோடு, காஞ்சது: எந்த டயரும் ஓடும். மேல உருண்டைக் கல்லு கிடந்தா பட்டனை விட அகலம்தான் காப்பாத்தும். 32ல இருந்து 38க்குப் போனா வித்தியாசம் உள்ளங்கையிலயே தெரியும்.

பாலாத்து மணல்: இங்க பட்டன் பிரயோஜனமே இல்லை, உயரமான பட்டன் மணலைத் தோண்டி உள்ள இறங்கும். வேண்டியது அகலம், கம்மி காத்து. 2021 நவம்பர் வெள்ளத்துல கரையை முட்டி ஓடின ஆறு, மத்த நாள்ல பாதிக்கு மேல மணலும் வேலிகாத்தானும்தான். 35, 38 எல்லாம் அங்க எடுபடாது, இறங்கித் தள்ளுங்க.

ஏரிக்கரை களிமண், நனைஞ்சது: இங்கதான் நிஜமா சேத்து டயருக்கு வேலை. ஆனா மட்கார்டு போட்ட வண்டியில அதுவும் தோத்துடும். ஒட்டுற கறுப்புக் களி டயர்ல ஏறி மட்கார்டுக்குள்ள அடைஞ்சு சக்கரத்தையே நிறுத்திடும். குச்சி வெச்சு நோண்டிக்கிட்டு நடுக்கரையில நிக்கணும். ஐப்பசி கார்த்திகையில ரெண்டு நாள் வெயில் அடிச்ச பிறகு போங்க, டயர் கேள்வியே வராது. ஈரக் கரையில தடம் போடறதும் நல்லதில்லை, மழைத்தண்ணி அந்தத் தடத்துலதான் இறங்கி அரிக்கும்.

அப்புறம் அமிர்தி. ரோடு வரைக்கும் சரி. ரோட்டை விட்டு இறங்கினா காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போகக்கூடாது. நல்ல பட்டன் டயர் கையில கிடைச்சா கால் அந்தப் பக்கம்தான் இழுக்கும், அதான் சொல்றேன்.

கென்ட்_குடியாத்தத்தான் | சனி, இரவு 11:10

மணல் பத்தி ராணிப்பேட்டை சொன்னது நூத்துக்கு நூறு. இங்க கடலோரத்துல காக்சைடுன்னு ஒரு ஊர், மணல்மேட்டுலதான் போட்டி. அங்க நிறைய பேர் சேத்து டயரைக் கழட்டிட்டு நான் சொன்ன மூணாவது ஜாதிப் பொடி டயரைத்தான் போடுவாங்க. காத்தும் ரொம்பக் கம்மி. முன்னாடி போனவன் போட்ட தடத்துலயே சக்கரத்தை விட்டு மிதிப்பாங்க, தடம் மாறினா இறங்கித் தூக்கிக்கிட்டு ஓடணும்.

ஆனா அந்தக் காத்துக் கணக்கை நம்ம ஊர்ல காப்பியடிக்காதீங்க. அவங்க டயர் ரிம்மோட பசை வெச்சு ஒட்டினது, டியூபை உள்ள வெச்சே தெச்சது. அதுல 20, 25 பிஎஸ்ஐல (காத்தழுத்த அளவு) ஓடலாம். நம்ம சாதா டயர், சாதா டியூப்ல அவ்வளவு இறக்கினா முதல் பள்ளத்துலயே ரிம் டியூபைக் கடிச்சிடும். பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும், பாம்பு கடிச்ச மாதிரி.

ஊசூர்_பெடல் | ஞாயிறு, காலை 6:30

அப்ப எவ்வளவு காத்து வைக்கணும்? என் எடை 74, பை ஒரு 5 கிலோ. கடையில கட்டை விரலால அமுக்கிப் பார்த்து "போதும்"னு சொல்றாங்க. வெயில்ல டயர் வெடிக்கும்னு வேற பயமுறுத்தறாங்க. மே மாசம் ஆபீஸ் வாசல்ல நிழலே கிடையாது.

அணைக்கட்டு_வாத்தியார் | ஞாயிறு, காலை 8:15

இதற்கு நான் பாடம் எடுக்கலாம், எடுக்கிறேன்.

முதலில் வெயில். காலையில் 27 டிகிரியில் 60 பிஎஸ்ஐ அடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பம்ப் மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள அழுத்தம் மட்டும். வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14.7. இரண்டையும் கூட்டினால் 74.7. வெப்பநிலையை கெல்வினில் எடுக்க வேண்டும்: 27 டிகிரி என்றால் 300 கெல்வின். அக்கினி நட்சத்திர வெயிலில் நின்ற டயருக்குள் காற்று 52 டிகிரிக்குப் போனால் 325. அழுத்தம் அதே விகிதத்தில் ஏறும். 74.7ஐ 325ஆல் பெருக்கி 300ஆல் வகுத்தால் ஏறக்குறைய 81. வெளிக்காற்றைக் கழித்தால் 66. அதாவது 25 டிகிரி ஏறியதற்கு 6 பிஎஸ்ஐ. டயரின் பக்கவாட்டில் அதிகபட்சம் என்று அச்சிட்ட எண்ணுக்குள் நீங்கள் இருந்தால் இந்த 6 ஒன்றும் செய்யாது.

வெயிலில் நின்ற வண்டி வெடிக்கும்போது பார்த்தால், பெரும்பாலும் பக்கவாட்டு நூல் இற்றுப்போன பழைய டயராக இருக்கும், அல்லது டியூப் டயர் விளிம்புக்கு அடியில் மாட்டியிருக்கும். அதில் வெயிலுக்கு இருப்பது கடைசி 6 பிஎஸ்ஐ மட்டுமே. இன்னொரு காரணம் மலை இறக்கம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவிலும் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் கொதிக்கும். அது வெயிலைவிட ஆபத்து. விட்டு விட்டுப் பிடியுங்கள்.

இனி உங்கள் கணக்கு. 38 மி.மீ. டயர், பையோடு சேர்த்து 80 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல். பின்னால் 50, முன்னால் 45 என்று தொடங்குங்கள். 35 என்றால் ஐந்து ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மண் ரோட்டுக்கு அதிலிருந்து பத்து குறைக்கலாம், அதற்கும் கீழே வேண்டாம். விரலால் அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். 50க்கு மேல் எல்லா டயரும் விரலுக்குக் கல்லாகத்தான் தெரியும். மீட்டர் வைத்த நிற்கும் பம்ப் ஒன்று வாங்குங்கள். டயருக்குச் செலவழிப்பதற்கு முன் அதற்குச் செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

பாலமதி_ஏறி | ஞாயிறு, காலை 8:50

சார், இவ்வளவு கணக்கு போட்டும் கடைசியில 38, 50 பிஎஸ்ஐ. அப்ப பட்டனே வேண்டாம்னுதானே அர்த்தம்? அகலமும் கம்மி காத்தும் போதும்ல?

அணைக்கட்டு_வாத்தியார் | ஞாயிறு, காலை 9:05

தாருக்கு, ஆமாம். அவர் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறாரே.

ராணிப்பேட்டை_622 | ஞாயிறு, காலை 9:40

பாலமதி அண்ணே, உங்க இடத்துல நீங்க சொல்றது சரி. மலை ரோடு, தார், நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆள். ஊசூர் தம்பி வேலைக்குப் போற ஆள், கேரியர்ல பை, ஜல்லி கொட்டின பள்ளத்துல பஸ்ஸுக்கு ஒதுங்கி இறங்கி ஏறணும். தார் விளிம்புல இருந்து மண்ணுக்கு இறங்கி மறுபடி ஏர்றப்ப வழவழ டயர் விளிம்போடயே சறுக்கிட்டுப் போகும், ஓரத்துப் பட்டன் கடிச்சு மேல ஏத்தும். நம்ம ரோட்டுல அது தினமும் நடக்கற விஷயம். எனக்கு அந்த ஒரு காரணம் போதும்.

தொரப்பாடி_சைக்கிள்கடை | ஞாயிறு, மதியம் 2:15

கடை மூடிட்டு வந்து படிச்சேன். முள்ளுக்கு வர்றேன், அதை யாரும் முழுசா சொல்லல.

நம்ம பக்கத்துல ரெண்டு முள்ளு. நெருஞ்சி, வேலிகாத்தான். நெருஞ்சி குட்டை, பட்டை கீற டயர்ல பாதி நின்னுடும். வேலிகாத்தான் அப்படி இல்ல. ஒரு வெரல் நீளம், காஞ்சா ஆணி. அதை எந்த டயராலயும் நிறுத்த முடியாது. ஏரியில வேலி வெட்டி வண்டியில ஏத்திகினு போன மறுநாள் அந்த ரோட்டுல போவாத, அதான் மருந்து. வேற வழி இல்லன்னா ரோட்டு நடுவுல ஓட்டு, முள்ளு ஓரத்துலதான் ஒதுங்கும்.

நான் பண்ணித் தர்றது: பழைய டியூபை வால்வ் வெட்டி எடுத்துட்டு, நீளவாக்குல அறுத்து, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவுல படுக்க வெக்கறது. வெட்டின ஓரத்தைக் கல்லுல தேச்சு மெலிசாக்கணும், இல்லன்னா அந்த ஓரமே டியூபை அறுத்துடும். நடுவுல முகப் பவுடர் கொஞ்சம் தூவணும். வண்டி கொஞ்சம் கனமாவும். ஆபீஸ் போற ஆளுக்கு அது ஒரு கனமா?

முள்ளு எடுக்கறப்போ டயருக்குள்ள வெரலை விட்டுத் தடவாத. பழைய பனியன் துணியைச் சுருட்டி உள்ள ஒரு சுத்து இழு. எங்க துணி மாட்டுதோ அங்க முள்ளு. முள்ளை எடுக்காம ஒட்டுப் போட்டுகினு போறவன் நாளைக்கே மறுபடி வருவான், எனக்கு நல்லதுதான்.

கென்ட்_குடியாத்தத்தான் | ஞாயிறு, மாலை 4:30

அண்ணே, ஒரு கூடுதல் தகவல். அமெரிக்கா மேற்கு மாநிலங்கள்ல சைக்கிள்காரங்க தலைவலின்னா அது நம்ம நெருஞ்சிதான். அதே செடி, இந்தப் பக்கத்துக் கண்டங்கள்ல இருந்து அங்க போய்ப் பரவினது. வேலிகாத்தான் அந்தப் பக்கத்துக் கண்டத்துல இருந்து இங்க வந்தது. பேரம் நமக்கு நஷ்டம்.

சீலன்ட் பத்தி யாராவது கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். டியூபுக்குள்ள ஊத்தற அந்தப் பால் நெருஞ்சி ஓட்டைக்கு நல்லா வேலை செய்யும். ஆனா உஷ்ண ஊர்ல சீக்கிரம் காஞ்சு பிசினாயிடும், இங்க தாங்கற காலம் அங்க தாங்காது. ஊத்திட்டு மறந்துடக்கூடாது. வால்வ் உள்முனை கழட்ட வர்ற டியூபா பார்த்து வாங்குங்க, இல்லைன்னா ஊத்தவே வழி இருக்காது.

வளாக_வண்டி | ஞாயிறு, மாலை 5:00

சரி, கடையில போய் என்ன பேர் சொல்லிக் கேக்கணும்? மாடல் யாராவது சொல்லுங்களேன்.

ராணிப்பேட்டை_622 | ஞாயிறு, மாலை 7:20

நான் பார்த்ததுல, கேட்டதுல இருந்து சொல்றேன். நம்ம ஊர்க் கடையில பெரும்பாலும் இருக்காது. சென்னையிலயோ ஆன்லைன்லயோதான், அதுவும் இருக்கறப்ப எடுத்துக்கணும்.

நெருக்கமான சின்னப் பட்டன் வேணும்னா கெண்டா ஸ்மால் பிளாக் எய்ட், 32, 35 ரெண்டு அளவுல வரும். பேருக்கேத்த மாதிரி குட்டிக் கட்டை கட்டையா நெருக்கி வெச்சிருப்பாங்க, தார்ல அவ்வளவா மடங்காது. பானாரேசர் கிராவல்கிங் எஸ்கே அதே குணம், அதைவிட அகலமான அளவுலயும் வரும், ரப்பர் இலகுவா ஓடும், விலை கூட. ஷ்வால்பே சிஎக்ஸ் காம்ப் 35லயும் 38லயும் வரும், கம்பி விளிம்பு, உள்ள பஞ்சர் பட்டை உண்டு. பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா தினசரி ஆளுக்குப் பொருத்தமானது அதுதான்னு என் அபிப்பிராயம். விட்டோரியா டெரேனோ டிரை, நடுவுல மீன் செதில் மாதிரி, கென்ட் தம்பி சொன்ன மூணாவது ஜாதி. டபிள்யூடிபி நேனோ 40, அது மண்ணுக்கு ரொம்ப நல்லது, ஊசூர் தம்பியோட மட்கார்டுக்குள்ள நுழையாது.

பட்டனே வேண்டாம், முள்ளுதான் கவலைன்னா ஷ்வால்பே மாரத்தான். உள்ள 3 மி.மீ. ரப்பர் பட்டை இருக்கு. கனம், மந்தம், ஆனா நெருஞ்சியைச் சட்டை பண்ணாது.

காட்பாடி_நைட்டூட்டி | ஞாயிறு, இரவு 8:10

ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே டயர்தான் போடணும்னு சட்டம் இல்லையே. முன்னாடி பட்டன், பின்னாடி வழவழ. முன் சக்கரம் சறுக்கினா ஆள் கீழ, பின் சக்கரம் சறுக்கினா சமாளிச்சுக்கலாம். பட்டன் கரையறதும் பின்னாடிதான் சீக்கிரம், எடையும் மிதியும் அங்கதான் விழுது. அப்ப தார்ல கரைய வேண்டியது சாதா ரப்பரா இருக்கட்டும். முன்னாடி பட்டன் ரொம்ப நாள் அப்படியே நிக்கும்.

பாலமதி_ஏறி | ஞாயிறு, இரவு 8:25

இதுக்கு நான் ஒத்துக்கறேன். பின்னாடி வழவழன்னா எனக்குப் பாதி ஜெயம்.

தொரப்பாடி_சைக்கிள்கடை | ஞாயிறு, இரவு 8:40

அக்கா சொல்றது நம்ம கடையில ரொம்ப நாளா பண்றதுதான். ஒரு ஞாபகம்: பட்டன் டயர்ல பக்கத்துல அம்புக்குறி போட்டிருப்பான், சுத்தற பக்கம் பாத்து மாட்டணும். முன்சக்கரத்துக்கு ஒரு பக்கம், பின்சக்கரத்துக்கு எதிர்ப்பக்கம்னு சிலதுல ரெண்டு அம்பு கீது, படிச்சுப் பாத்து மாட்டு.

ஊசூர்_பெடல் | திங்கள், காலை 7:05

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சென்னைக்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். அவர் அதை மழைக்காலத்துல போட்டி ஓட்டற யாருக்காவது குடுக்கட்டும். முன்னாடி சிஎக்ஸ் காம்ப் 35, ஏன்னா அந்த மட்கார்டு நெருக்கம். பின்னாடி பஞ்சர் பட்டை உள்ள வழவழ 38. முதல்ல மீட்டர் பம்ப். வாத்தியார் சார் சொன்ன காத்துல ஆரம்பிக்கறேன்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. முன் மட்கார்டைக் கொஞ்சம் மேல தூக்கினா 38 போகுமா? கம்பி நீளம் போதலை. தொரப்பாடி அண்ணே, உங்ககிட்ட நீளக் கம்பி இருக்கா?

தொரப்பாடி_சைக்கிள்கடை | திங்கள், காலை 7:30

கம்பி கீது. தூக்கினா போவும், ஆனா ரொம்ப தூக்கினா தண்ணி உன் மூஞ்சியிலதான் அடிக்கும். சாயந்திரம் ஆபீஸ் விட்டு வர்றப்ப வண்டியோட வா. பின் சக்கரம் கோட்டமும் பாத்துடலாம். பழைய மொட்டை டயரை வீசிடாத, அதையும் எடுத்துகினு வா. அதுக்குள்ள கீற டியூபை உனக்கே முள்ளு தடுக்கற உள்பட்டையா அறுத்துத் தர்றேன்.

வளாக_வண்டி | திங்கள், காலை 8:00

அண்ணே, 635 டயர் உங்ககிட்ட இருக்கா?

தொரப்பாடி_சைக்கிள்கடை | திங்கள், காலை 8:12

அது எத்தினி வேணும்?